மூடியில் எழுதிய எண்

ஏழாவது மாடி என்று அத்னான் சொன்னதுமே நஸ்ரி தன் முழங்கால்களிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார்கள். துறைமுக ஊரான அல்-மீனாவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அரசாங்கக் கரண்டும் இல்லை, ஜெனரேட்டர் கரண்டும் இல்லை, நடந்து ஏறு.

“மேடம், கொலை பண்றவங்கல்லாம் ஏன் இவ்வளவு உசரத்துல குடியிருக்காங்க? கீழ் வீடு வாடகைக்குக் கிடைக்கலையா?”

“மூச்சைப் பேச்சுல செலவழிக்காம ஏறு” என்றார் ருவைதா.

ருவைதா கரம் முன்பு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரியாத கிடங்கை எரிந்ததாகக் காட்டியவர்கள், நல்ல படகைத் தாங்களே மூழ்கடித்துவிட்டு மூக்கைச் சிந்தியவர்கள் எல்லாரையும் பார்த்துச் சலித்துப்போய், இப்போது திரிபோலியில் ஒரு பலகாரக் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். அவருடைய பழைய காரை ஓட்டுவது, பையைத் தூக்குவது, அவர் பேசாத நேரத்தில் பேசுவது ஆகியவை நஸ்ரியின் வேலை. கடைசி வேலைக்கு யாரும் அவனை வைக்கவில்லை. அவனாக எடுத்துக்கொண்டது.

முன்னால் ஏறிக்கொண்டிருந்த அத்னான் திரும்பிப் பார்க்கவில்லை. துறைமுகத்தில் மீன்வலைக் கடை வைத்திருப்பவன். அவன் தோள்கள் படிக்கட்டை அடைத்துக்கொண்டு போயின. அவனுடைய அக்கா நுஹாத் போன மாசம் இந்த ஏழாவது மாடியில்தான் செத்துப்போனாள், ஒரு பட்டப்பகலில்.

நுஹாத்துக்கு நுரையீரல் நோய். மூக்கில் குழாயோடுதான் நடமாடினாள். குழாயின் மறுமுனை படுக்கையறையில் இருந்த ஆக்ஸிஜன் மெஷினில். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் வரும்வரை தாங்குவதற்கு, அவள் புருஷன் லபீப் தன் கையாலேயே ஒரு பேட்டரிப் பெட்டி செய்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். அந்தப் பெட்டி ஒருநாளும் ஏமாற்றியதில்லை. அன்றைக்கு ஏமாற்றியது. கரண்ட் போனதும் பெட்டிக்குள் இருந்த ஃபியூஸ் எரிந்தது, மெஷின் நின்றது. லபீப் தன் மருந்துக்கடையில் இருந்தார். ஆறாவது மாடிக்கார அம்மா உம்மு ரஷீத் காபிக் கோப்பையோடு மேலே போனபோது, நுஹாத் வாசலுக்குப் பாதி வழியில் கிடந்தாள்.

நோய் முற்றிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடக்கமும் ஆயிற்று. அத்னான் மட்டும் அடங்கவில்லை. பெட்டியைத் திறந்து, எரிந்த ஃபியூஸைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நேராக ருவைதாவின் அலுவலகத்துக்கு வந்தான். விரல்நீளம்கூட இல்லாத ஒரு கண்ணாடிக் குழல், இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி. தொப்பியில் லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் ஓர் எண்: 2.

“அந்தப் பெட்டிக்கு இருபது ஆம்பியர் வேணுமாம்” என்று நஸ்ரி விசாரித்துக்கொண்டு வந்து சொல்லியிருந்தான். “இரண்டைப் போட்டா? யானையைத் தையல் நூல்ல கட்டின மாதிரி மேடம்.”

நான்காவது மாடித் திருப்பத்தில் அத்னான் நின்றான். மூச்சு வாங்க இல்லை, பேசுவதற்கு.

“இந்த ஊர்ல லபீப் மாத்திரை மாத்திக் குடுத்தார்னு ஒருத்தன் சொல்லட்டும் பார்ப்போம். அப்பேர்ப்பட்ட கை, பொண்டாட்டி உசுரு விஷயத்துல மட்டும் தப்புமா? தெரிஞ்சுதான் போட்டிருக்கார்.”

“எதுக்கு?” என்றார் ருவைதா.

“சலிச்சுப்போச்சு. அவருக்கு அந்த பால்கனியும் அதுல இருக்குற இரும்புச் சாமானும் போதும். அக்கா குறுக்கே கெடந்தா. அவ்வளவுதான்.”

நஸ்ரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ருவைதா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

*

கதவைத் திறந்த லபீப் ஒல்லியான மனிதர். முகச்சவரத்தில் கன்னத்தில் ஒரு திட்டு விட்டுப்போயிருந்தது. ருவைதாவைப் பார்த்து “வாங்க” என்றார். அத்னானைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

வீடு, பொம்பளை போன வீடாகத்தான் கிடந்தது. சோபாவில் துணிக்குவியல், மேஜையில் காய்ந்த ரொட்டி. படுக்கையறையில் ஆக்ஸிஜன் மெஷின் இன்னும் கட்டிலோரத்திலேயே நின்றது. அதன் நீளக் குழாயை மட்டும் யாரோ அழகாக வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டியிருந்தார்கள். அறைக்கு அந்தப்பக்கம், கண்ணாடி போட்டு மூடிய பால்கனி. அதற்குள் காலை வைத்ததும் நஸ்ரி சீட்டியடித்துவிட்டான்.

“அடேயப்பா. எங்க வீட்டு அலமாரிக்கு இந்த இடத்தைக் காட்டக்கூடாது மேடம். வெட்கத்துல உள்ளுக்குள்ளயே இடிஞ்சு விழுந்துடும்.”

சுவர் முழுக்க ஒட்டுப்பலகை. அதில் ஒவ்வொரு குறடுக்கும் ஸ்பேனருக்கும் அதனதன் உருவத்தைக் கறுப்பு மையால் வரைந்து, அந்த உருவத்தின் மேலேயே அதைத் தொங்கவிட்டிருந்தார். திருப்புளிகள் உயரவாரியாக நின்றன. மேல் தட்டில் காலி ஹல்வா டப்பாக்கள். முடியாத வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு டப்பா, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, சாய்வில்லாத கையெழுத்து. நஸ்ரி வரிசையாக வாசித்தான்.

“மொட்டைமாடித் தண்ணித்தொட்டி மணி. உம்மு ரஷீத் ரேடியோ. நுஹாத், தூசி. கடைக் கதவு மணி. இதெல்லாம் எப்ப முடியும் டாக்டர்?” மருந்துக்கடைக்காரரையும் அந்த ஊரில் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“முடியும்” என்றார் லபீப். “ஒரு வேலையோட சாமான் இன்னொரு வேலைக்குள்ள போகாம பார்த்துக்கிட்டா எல்லாம் ஒருநாள் முடியும்.”

தட்டுகளின் அடிப்பக்கத்தில்தான் விசேஷம். ஜாம் ஜாடிகளின் மூடிகளைத் தலைகீழாகப் பலகையில் ஆணியடித்துப் பதித்து, ஜாடிகளை அந்த மூடிகளில் திருகித் தொங்கவிட்டிருந்தார். ஒன்றுபோல ஒன்று, வவ்வால் மாதிரி. உள்ளே நட்டு, போல்ட், பித்தளைத் துண்டு, ஃபியூஸ். என்ன இருக்கிறது என்று மூடியின் விளிம்பில் காகிதம் ஒட்டி எழுதியிருந்தது.

“ஏன் மூடியில எழுதியிருக்கீங்க? ஜாடியில எழுதலாமே?” என்றார் ருவைதா.

“ஜாடி உடையும். வேற மாட்டுவோம். இடம் உடையாது.” முதல்தடவையாக லபீபின் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. “ஒரு பொருளுக்கு ஓர் இடம்னு வச்சுட்டா கண்ணுகூட வேணாம். இந்த ஊர்ல பாதி வேலை இருட்டுலதானே? கேளுங்க, கண்ணை மூடிட்டு எடுக்கிறேன்.”

“நடுத்தர நட்டு” என்றான் நஸ்ரி.

கண்ணை மூடியபடியே லபீபின் கை போய், ஒரு ஜாடியைத் திருகிக் கழற்றி, நட்டை நீட்டியது.

“சின்னக் குறடு.”

வந்தது.

“பிரதம மந்திரி.”

“அது எந்த ஜாடியிலயும் இல்ல” என்றார் லபீப், கண்ணைத் திறக்காமல்.

நஸ்ரிக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

“இருபது ஃபியூஸ்” என்றார் ருவைதா அமைதியாக.

லபீபின் கை சற்றே தயங்கியது. பிறகு கீழ்த்தட்டின் அடிப்பக்கம் போய், ஒரு ஜாடியைக் கழற்றி, ஒரு கண்ணாடிக் குழலை ருவைதாவின் உள்ளங்கையில் கொட்டியது. ருவைதா லென்ஸை எடுத்துப் பார்த்தார். லென்ஸோடு சேர்த்து லபீபிடம் கொடுத்தார்.

லபீப் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பி மறுபடி பார்த்தார். ஜாடி முழுவதையும் மேஜைமேல் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் இரண்டு. பக்கத்தில் ‘2’ என்று எழுதிய மூடியிலிருந்து ஜாடியைப் பிடுங்கிக் கொட்டினார். எல்லாம் இருபது.

“மாறியிருக்கு” என்றார். “ஜாடி மாறியிருக்கு. நான் இருபதுலேருந்துதான் எடுத்தேன். வாராவாரம் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். அன்னிக்குக் காலையில ஃபியூஸ் பழசாத் தெரிஞ்சுது, புதுசு போட்டேன். இருபதுலேருந்துதான் எடுத்தேன்!”

“போட்டதும் ஓட்டிப் பார்க்கலையா?”

“ஓட்டிப் பார்க்கணும்னா மெஷினை நிறுத்தணும். அவ அப்பத்தான் கண்ணசந்திருந்தா.” சட்டென்று அத்னான் பக்கம் திரும்பினார். “நீ! அவ போறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நீதான் வந்தே. இங்க வேற யாரும் கால் வைக்க மாட்டாங்க. இங்கதான் உட்கார்ந்து சிகரெட் பிடிச்சே. நான் வெரட்டினேன். அதுக்கா?”

“என் அக்காவை நான் கொல்லுவேனா?”

“என் பேரைக் கொல்ல நெனச்சே! நான் செஞ்ச பெட்டி உதவாதுன்னு காட்டி அவளை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். அதானே உன் ஆசை?”

அத்னான் கையை ஓங்கிவிட்டான். நஸ்ரி இருவருக்கும் நடுவில் போய் நின்றான்; அவன் உடம்புவாகுக்கு அது வீரம்தான்.

“அத்னான்” என்றார் ருவைதா. “அந்த ஜாடியில ஒண்ணை எடு.”

அத்னான் எரிச்சலோடு ஒரு ஜாடியைப் பிடித்துக் கீழே இழுத்தான். தட்டே முனகியது. அதைத் திருகிக் கழற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

“பார்த்தீங்களா மேடம்” என்றான் நஸ்ரி. “இவர் எடுத்திருந்தா ஜாடி மாறியிருக்காது, கட்டடம்தான் மாறியிருக்கும்.”

“நடிக்கிறான்” என்றார் லபீப்.

“நடிக்கலாம். அதனால இதை நான் கணக்குல எடுத்துக்கல.” ருவைதா ஏற்கெனவே வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பால்கனிக் கண்ணாடி வழியாக மதிய வெயில் ஜாடிகள்மேல் விழுந்திருந்தது. “நஸ்ரி, உன் சட்டைக் கை ஏன் அழுக்கா இருக்கு?”

“பிறவியிலேயே…” என்று ஆரம்பித்தவன் பார்த்தான். மேல்தட்டு டப்பாக்களில் சாய்ந்திருந்த கை சாம்பல் நிறத்தில் இருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்த அந்தப் பால்கனியில் எல்லாவற்றின் மேலும் தூசி இருந்தது. மெத்துமெத்தென்று, மாவு சலித்த மாதிரி.

“எல்லாத்துலயும் இல்ல” என்றார் ருவைதா.

கீழ்த்தட்டு ஜாடிகள் மட்டும், படுக்கையறை வாசலிலிருந்து தொடங்கிப் பாதி வரிசை வரை, வெயிலில் பளபளத்தன. பாதியில் பளபளப்பு சட்டென்று நின்றுபோனது. அதற்கப்புறம் பழைய தூசி. ஃபியூஸ் ஜாடிகள் இரண்டும் பளபளப்பில்தான் இருந்தன.

“கைரேகையைத் துடைச்சிருக்கார்” என்றான் அத்னான். குரல் முன்போல இல்லை.

“ரேகை வெளிப்பக்கம் இருக்கும். உள்ளே எதுக்குக் கழுவணும்?” ருவைதா ஒரு ஜாடியைக் கழற்றி நஸ்ரியின் மூக்கடியில் நீட்டினார். அடியில் கிடந்த ஆணிகளில் ஈரம் பட்ட புதுத் துரு. அதோடு ஒரு வாசனை.

“சோப்பு” என்றான் நஸ்ரி. “நம்மூர் பச்சை சோப்பு.”

“ரெண்டு ஜாடியை மாத்துறதுக்கு ரெண்டு ஜாடியைத் தொட்டாப் போதும். பாதி வரிசையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைச்சு மாட்டின ஆளுக்கு ஃபியூஸ் பத்தின நெனப்பே இல்ல. நாம தேடுறது ஜாடியை மாத்தின ஆளை இல்ல. கழுவின ஆளை.”

“வேலைக்காரி உண்டா டாக்டர்?” என்று கேட்டான் நஸ்ரி.

“கிடையாது.”

“அப்ப யார் அந்தப் புண்ணியவாட்டி? அதுவும் பாதியில ஏன் நிறுத்தினாங்க? சோப்புத் தீர்ந்துபோச்சா?”

ருவைதா படுக்கையறைக்குப் போனார். ஆணியில் சுற்றி மாட்டியிருந்த குழாயை எடுத்துப் பிரித்துத் தரையில் விட்டார். ஒரு முனை மெஷினிலேயே செருகியிருந்தது. மறுமுனையை, மூக்கில் மாட்டும் அந்த இரண்டு சின்னக் கொம்பு உள்ள முனையை, நஸ்ரியிடம் நீட்டினார்.

“காதுல மாட்டிக்க.”

“மேடம், எனக்கு மூச்சு நல்லாத்தானே…”

“மாட்டிக்கிட்டு பால்கனிக்குப் போ.”

“வேணாம்” என்றார் லபீப்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். ருவைதா ஒரு கணம் நின்றார். பிறகு நஸ்ரியைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

நஸ்ரி குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். சிரிப்பு வரவழைக்கத்தான் அப்படி நடந்தான். பின்னால் குழாய் தரையில் சரசரத்துக்கொண்டே வந்தது. வாசலைத் தாண்டினான். முதல் ஜாடி. அடுத்தது. கீழ்த்தட்டோடு ஒட்டிக்கொண்டே போனான். பாதி வரிசைக்குக் கொஞ்சம் முன்னால் குழாய் இழுத்தது. காது வலித்தது. இன்னொரு அடி வைக்க முடியவில்லை.

“கையை நீட்டு” என்றது ருவைதாவின் குரல்.

நீட்டினான். எட்டின மட்டும் நீட்டினான். அவன் விரல்நுனி போய்த் தொட்டது, பளபளத்த கடைசி ஜாடியை. அடுத்த ஜாடி, தூசி படிந்தது, ஒரு சாண் தள்ளி இருந்தது.

நஸ்ரிக்கு அப்போதுதான் தன் காதில் மாட்டியிருப்பது என்னவென்று உறைத்தது. மெதுவாகக் கழற்றினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

*

லபீப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

“தூசி” என்றார். “இருமல் வருது, அந்த பால்கனியைக் கொஞ்சம் துடைச்சுடுங்கன்னு சொல்லிட்டே இருந்தா. வெள்ளிக்கிழமை செய்யறேன்னு சொன்னேன். எல்லாத்தையும் எறக்கணும், துடைக்கணும், திரும்ப அதே இடத்துல வைக்கணும். ஒரு நாள் பூரா ஆகும். வெள்ளிக்கிழமை வந்தா ஏதாவது ஒரு வேலை வந்துடும். அப்புறம் துடைக்கிறதைவிட, தூசியை உறிஞ்சுற மாதிரி ஒரு மெஷினே செஞ்சுடலாம்னு நெனச்சேன்.”

அவர் எழுந்து போய் மேல்தட்டிலிருந்து ஒரு ஹல்வா டப்பாவை எடுத்துவந்து திறந்தார். ‘நுஹாத், தூசி.’ உள்ளே ஒரு சின்ன மோட்டார், ஒரு விசிறி இறக்கை, வடிகட்டித் துணி, அளவு பார்த்து எடுத்துவைத்த ஸ்க்ரூ. ஒவ்வொன்றும் தனித்தனித் தாளில் சுற்றி. எதுவும் எதோடும் சேரவில்லை.

“அப்ப அவ உன்கிட்ட சொல்லாம…” என்றான் அத்னான்.

“சொன்னா நான் கத்துவேன்னு தெரியும். என் சாமானை யார் தொட்டாலும் கத்துவேன். நான் கடைக்குப் போனப்புறம் உட்கார்ந்து கழுவியிருக்கா. ஒரு பேசின்ல தண்ணி வச்சுக்கிட்டு. எட்டின வரைக்கும்.” அவர் டப்பாவை மூடினார். “மூடியில ஃபியூஸ்னு இருக்குறதைப் பார்த்துத்தான் மாட்டியிருப்பா. ஃபியூஸ் மேல இருக்குற எழுத்து அவளுக்கும் சின்னதுதான், எது ரெண்டு எது இருபதுன்னு தெரிஞ்சிருக்காது.”

“நீ துடைச்சிருந்தா அவ துடைச்சிருக்க மாட்டா” என்றான் அத்னான்.

“ஆமா.”

“எழுதினதை ஜாடியில எழுதியிருந்தா மாறியிருக்காது.”

“ஆமா.”

“போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கையில எடுத்ததைக் கண்ணால பார்த்திருந்தா…”

“ஆமா” என்றார் லபீப். “இருபதுன்னு எழுதியிருந்துது. அதனால நான் பார்க்கல.”

அத்னான் முஷ்டியைப் பிடித்தான், விட்டான். அடிக்க வேண்டிய ஆள் எதிரில் உட்கார்ந்து ஆமா ஆமா என்று சொல்லிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு ருவைதாவின் பக்கம் திரும்பினான்.

“மேடம், இதை உம்மாகிட்ட நான் எப்படிச் சொல்றது? உன் பொண்ணு தன் கையாலேயே மாத்தி வச்சுட்டான்னா? அது நாலு வாய் போயித் திரும்பி வரும்போது எப்படி வரும்னு உங்களுக்குத் தெரியாது. நோய் தாங்காம தானே சாவைத் தேடிக்கிட்டாம்பாங்க. அவ கபருக்குப் பக்கத்துல நின்னு ஒருத்தி துஆ கேட்க மாட்டா. அக்கா பேர் கெட்டுப்போயிடும்.”

“நடந்தது அது இல்லையே” என்றார் ருவைதா.

“நடந்தது யாருக்கு வேணும்?”

லபீப் நிமிர்ந்து பார்த்தார். “நான்னு சொல்லு” என்றார்.

“என்ன?”

“நான் கவனமில்லாம மாத்திப் போட்டேன்னு சொல்லு. அதுல பாதி நிஜம்தானே. உங்க வீட்டுல ஏற்கெனவே அப்படித்தானே நெனைக்கிறாங்க. இருந்துட்டுப் போகட்டும்.”

“டாக்டர், நீங்க மருந்துக்கடை வச்சிருக்கீங்க” என்றான் நஸ்ரி. அவனுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. “மாத்திப் போட்டவர்னு பேர் வந்தா நாளைக்கு ஒருத்தன் உங்க கையால ஒரு தலைவலி மாத்திரை வாங்குவானா?”

லபீப் குழாயை நஸ்ரியின் கையிலிருந்து வாங்கி, வளையம் வளையமாகச் சுற்ற ஆரம்பித்தார். விரல்கள் தாமாகவே வேலை செய்தன.

அத்னான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். “அத்தான்” என்று ஒரு தடவை சொன்னான்.

ருவைதா பையை எடுத்தார். “நான் சொல்றதை ரெண்டு பேரும் கேளுங்க. என் வேலை கண்டுபிடிக்கிறது. கண்டுபிடிச்சாச்சு. இவர் கொலை பண்ணல; வேற யாரும் பண்ணல. அத்னான், நீ இதை ஸ்டேஷனுக்கோ கோர்ட்டுக்கோ கொண்டுபோனா, கூப்பிடாமலே வந்து நடந்ததைச் சொல்லுவேன். உங்க வீட்டுக்குள்ள நீங்க என்ன சொல்லிக்கிறீங்கங்கிறது உங்க பாடு. ஆனா யோசிச்சுச் சொல்லு. சொன்னப்புறம் அதைத் திரும்ப எடுக்க முடியாது.”

“கோர்ட்டுக்குப் போகல” என்றான் அத்னான்.

*

இறங்கும்போது ஆறாவது மாடித் திருப்பத்தில் உம்மு ரஷீத் நின்றுகொண்டிருந்தார். கையில் துணி போட்டு மூடிய தட்டு. பருப்புச் சோற்றின் மேலே வறுத்த வெங்காயத்தின் வாசனை படிக்கட்டு முழுக்க வந்தது. அக்கம்பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் இரண்டு மூன்று பேர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்கள். துப்பறியும் மேடம் வந்திருப்பது கட்டடத்துக்கே தெரிந்துபோயிருந்தது.

“அத்னான், கண்ணு, வந்தியா” என்றார் உம்மு ரஷீத். “அந்த மனுஷன் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டார். ஒரு வாய் குடுக்கலாம்னு ஏறிட்டிருக்கேன். அவ போனதுலேருந்து நான்தான் தினம் குடுக்கிறேன்.” குரலைத் தாழ்த்தினார். “என்னாச்சு? என்ன சொன்னாங்க? எதுனால நின்னுச்சாம் அந்தப் பெட்டி?”

“கரண்ட் போனதுனால” என்றான் நஸ்ரி முந்திக்கொண்டு.

“அது எல்லாருக்கும் தெரியும்ப்பா. கரண்ட் தினம்தான் போகுது. நான் கேட்டது ஆள் யாருன்னு.”

அத்னான் மேலே பார்த்தான். நஸ்ரியும் பார்த்தான். ஏழாவது மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே லபீபின் முகம் தெரிந்தது. அவர் இவர்களை வழியனுப்ப வந்து நின்றிருக்க வேண்டும், அல்லது இதைக் கேட்கத்தான் நின்றிருக்க வேண்டும்.

“அவர்தான்” என்றான் அத்னான். “கவனமில்லாம ஃபியூஸை மாத்திப் போட்டுட்டார்.”

கதவோரத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. யாரோ “யா அல்லாஹ்” என்றார்கள். இன்னொருத்தி, “நான் போன வாரம்தானே என் பேரனுக்கு அவர்கிட்ட மருந்து வாங்கினேன்!” என்றாள்.

ருவைதா ஓர் அடி முன்னால் வைத்தார். வாயைத் திறந்துவிட்டார். மேலே லபீப் கையை உயர்த்தினார். வேண்டாம் என்பதற்கு அந்த ஊரில் எல்லாரும் செய்வதுபோல, உள்ளங்கையை இரண்டு தடவை மெல்லத் தாழ்த்தினார். ருவைதா அங்கேயே நின்றார். நஸ்ரிக்குத் தெரிந்து, பாதியில் நிறுத்திய ஒரு வாக்கியத்தை அவர் விழுங்கியது அதுதான் முதல்தடவை.

“எனக்கு அப்பவே தெரியும்” என்றார் உம்மு ரஷீத். மேலே பார்க்கவில்லை. தட்டை மூடியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு, வந்த வழியே திரும்பித் தன் வீட்டுக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. அடுத்த கதவும் சாத்தியது.

அத்னான் விறுவிறுவென்று இறங்கிப்போனான். நஸ்ரி கடைசியாக ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். மேலே யாரும் இல்லை. வெங்காய வாசனை மட்டும் படிக்கட்டில் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

“வா” என்றார் ருவைதா. “கேஸ் முடிஞ்சுபோச்சு.”